பெயர் சொல்லாத பூனை

அக்கா, இன்று காலை சுங்கை லாலாங்கில் நம் பள்ளி வாசலில் மீன்காரர் மோட்டார் ஹாரனை அமுக்கினார். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லாம் உங்களால்தான்.

பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுப் பதில் குரல் அனுப்பும் பெரியவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் பலர் உண்டு. குருண் ஊர்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் உங்களுக்குத்தான் சத்தம் அதிகம். "சபாஷ்டா தங்கம், இன்னொரு தடவ படி!" என்று நீங்கள் கத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து படிக்கும். மூன்றாம் ஆண்டு திவாஷினி மட்டும் மசியவில்லை. வீட்டில் பேசுவாள், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். இந்தப் பிள்ளை ஊமையாகவே பள்ளியை முடித்துவிடுமோ என்று உங்களிடம் புலம்பியிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை உங்கள் குரல் வந்தது. வழக்கம்போல் முன்கூட்டிக் கேட்காமல் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். "யோவ் அண்ணே! நேத்து குடுத்த கெம்போங் மீன எங்க பூனகூட மோந்துட்டு ஓடிருச்சு லா! அத மனுசன் திம்பானா?"

மீன்காரருக்குப் போகவேண்டியது எங்களுக்கு வந்திருந்தது. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் அணைக்கத் தடுமாறும்போது திவாஷினி எழுந்து வந்து போனைப் பார்த்துக் கேட்டாள்: "ஆண்டி, பூன பேரு என்னா?"

நீங்களோ வெட்கத்தில் குழுவைவிட்டே ஓடிவிட்டீர்கள். "மானம் போச்சு டீச்சர். இனிமே அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கமாட்டேன்." திவாஷினி வாய் திறந்ததைச் சொன்னேன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றே திரும்பி வந்தீர்கள். "ஒரு பக்கம் படி தங்கம், பேரு சொல்றேன்." படித்தாள். "அடுத்த பக்கம்." புத்தகமே முடிந்தது, பெயர் வரவில்லை. "சொன்னா புள்ள படிக்கறத நிறுத்திடும்" என்று என்னிடமும் மறைத்தீர்கள். பாவி அக்கா, சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

கருமாதி முடிந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் அதட்டினார்: "டீச்சர்! எறங்கு கீழ!" நான் பதறி எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் மேசையிலிருந்து பூனை குதித்தது.

அவர் நெளிந்தார். "அவ வச்ச பேரு லா. உங்கள மாதிரியே மொறைக்குதாம்."

துக்க வீட்டில் அப்படிச் சிரித்தவள் நானாகத்தான் இருப்பேன். பிறகு அழுதேன். பூனையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

உங்களை ரொம்பத் தேடுகிறது அக்கா. இப்போதும் வியாழக்கிழமை மாலையில் போனில் திவாஷினியின் குரல் வருகிறது: "டீச்சர்! இப்பவாச்சும் பூன பேரச் சொல்லுங்க!"

நாங்கள் இரண்டு டீச்சரும் நிமிர்ந்து பார்க்கிறோம்.

"அடுத்த பக்கம் படி" என்கிறேன்.