தனி ஜன்னல்

மார்ச் 4

என் தனி ஜன்னலுக்கு இன்று சிறை மேலதிகாரி வாயால் பாராட்டு! எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் கைதிகள் சர்க்கரை, பிரஷர் கூட்டத்தோடு முட்டி மோத வேண்டாம். பக்கத்து ஜன்னலுக்கு வந்தால் உடனே கிடைக்கும். முழுக்க என் யோசனை. வீட்டில் ஒரே அலட்டல். “நர்ஸம்மாவுக்குச் சிலை வெச்சிடலாம்” என்றார் என் வீட்டுக்காரர். வைக்கட்டுமே.

மார்ச் 12

சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் கைதி, எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’, மாத்திரை வாங்க வருவதேயில்லை. நிறுத்தினால் உடம்பு விழுந்துவிடும் என்று மாத்திரை ஆரம்பித்த அன்றே தலைபாடாக அடித்துக்கொண்டேன். திமிர்தான்.

மார்ச் 15

சாப்பாட்டு நேரத்தில் நேராகச் சமையல்கூடத்துக்கே போய்விட்டேன். எல்லாரும் தட்டோடு நிற்க, மாஸ்டர் பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாதே. “ஏம்பா, ஜன்னல் பக்கம் ஏன் வரமாட்டேங்கிற? உயிர் மேல ஆசை இல்லையா?” என்று கத்திவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நல்லதைத்தானே சொன்னேன்?

மார்ச் 16

அவர் பரிமாறியதை இன்று ஒருவரும் தொடவில்லை. சாப்பாட்டில் எல்லாம் தொற்றாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்பார் யார்? அவரைத் துணி துவைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

‘ஜன்னல்’ என்று நான் சொன்னதே போதுமாம். அங்கே நிற்பவருக்கு என்ன வியாதி என்று சிறை முழுக்கத் தெரியுமாம். அதனால்தான் அவர் வரவில்லை. எனக்கு மட்டும் உறைக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு நர்ஸா?

மார்ச் 17

வெட்கம். சோறு இறங்கவில்லை.

மார்ச் 20

துணி துவைக்கும் இடத்தில் அவர் தனியாக இருந்தபோது போனேன். “மன்னிச்சிடுங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீங்க பரிமாறுங்க, நான் வாங்கிச் சாப்பிடறேன். அப்புறம் எவன் பேசறான்னு பாப்போம்.”

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “வேணாம் சிஸ்டர். எனக்காக எல்லார் முன்னாடியும் இனிமே எதுவும் செய்யாதீங்க.”

“மாத்திரையாவது...”

“அந்த ஜன்னல்ல நிக்கறதுக்குச் செத்தே போகலாம்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 2

ஜன்னலை மூடச் சொல்லி மேலதிகாரியிடம் போய் நின்றேன். “நீங்கதானேம்மா கேட்டீங்க?”

“நான்தான் சார். புத்தியில்லாம கேட்டேன்.”

இனி எல்லா வியாதிக்கும் ஒரே வரிசை, ஒரே மாதிரி காகித உறை. வீட்டுக்காரர் கேட்டுவிட்டுக் கிண்டல் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

ஏப்ரல் 9

வரிசையில் மாஸ்டர்! பாதியாக இளைத்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் உறையை நீட்டினேன். பின்னால் நின்ற புதுக் கைதி, “உனக்கு என்னண்ணே?” என்றான். வரிசையே திரும்பிப் பார்த்தது.

“பிரஷர்டா. இந்தம்மா மூஞ்சியப் பாத்தாலே ஏறுது.”

எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்களும்தான், ஒருவர்கூட அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னை ஏறிட்டும் பார்க்காமல், அங்கேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார்.