பவுனுவின் அம்மா நடித்த படம்

சிந்தாதிரிப்பேட்டை, சென்னை
10-3-1985

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் என் பவுனுவும் சுகம்தானே? படம் முடிந்துவிட்டது. பணமில்லாத கம்பெனி. செட் போட வழியில்லாமல் இந்தப் பேட்டைச் சந்துகளிலேயே எடுத்தார்கள். ஆனால் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்காமல் முதல் தடவையாகப் படம் முழுக்க வருகிறேன். ரத்தம் குடிக்கும் காட்டேரி வேஷம். சிரிக்காதே! போஸ்டரில் என் முகம்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிட்டேன். ஜூனில் பவுனுவை அழைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து என் பிள்ளையை நீதான் வளர்க்கிறாய். உனக்கு என்ன சொல்வேன்!

உன் தங்கை
ராஜாமணி

கிளியனூர்
5-5-1985

அன்புத் தங்கைக்கு அக்கா அஞ்சம்மாள் ஆசீர்வாதம்.

மல்லாட்டை பிடுங்கி, கடலை ஆய்ந்து முடித்தோம். விழுப்புரத்தில் ஓடிய உன் படம் திண்டிவனத்துக்கு வந்தது. பவுனுவுக்குப் புதுப்பாவாடை கட்டி அழைத்துப் போனேன். டிக்கெட் கிழிக்கிறவர், "புள்ளய உள்ள உடமாட்டேம்மா, பயந்துக்கும்" என்றார். "அதுல நடிக்கிறதே இவ அம்மாதாங்க" என்றதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

திரையில் உன்னைப் பார்த்ததும் "அம்மா, அம்மா" என்று கை தட்டினாள். பிறகு அந்தச் சந்தில் சின்னப் பெண்ணின் கழுத்தில் நீ வாய் வைத்தாய். என் மடியில் முகம் புதைத்தவள் அப்புறம் நிமிரவே இல்லை. அன்றிலிருந்து காய்ச்சல். "நான் மெட்ராசுக்குப் போமாட்டேன் பெரிம்மா" என்று அனத்துகிறாள். என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

அக்கா
அஞ்சம்மாள்

சென்னை
12-5-1985

அக்கா,

உன்மேல் எனக்கென்ன கோபம்? அது ரத்தமில்லை, சர்க்கரைப் பாகில் கலந்த சாயம் என்று அவளிடம் சொல். கழற்றி வைக்கிற பல் என்று சொல். அந்தச் சின்னப் பெண் ஷூட்டிங் இடைவேளையிலெல்லாம் என் மடியில்தான் தூங்கினாள். அவள் தலையைக் கோதும்போது பவுனுவைத்தான் நினைத்துக்கொண்டேன். நேரில் பார்த்தால் பயம் தெளிந்துவிடும். மாதக் கடைசியில் வருகிறேன்.

ராஜாமணி

கிளியனூர்
4-6-1985

தங்கைக்கு,

நீ பஸ் ஏறிப் போன பிறகும் பவுனு நெல் குதிருக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மாமாதான் தூக்கி வந்தார். "அது போயிடுச்சா பெரிம்மா?" என்று கேட்டாள். உன்னைத்தான் அது என்றாள். நீ கொண்டுவந்த கவுனைத் தொட மறுக்கிறாள். இங்கேயே பள்ளியில் சேர்த்திருக்கிறோம்.

உன்னிடம் மறைக்க மனமில்லை. இப்போதெல்லாம் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். "அப்படிச் சொல்லாதடி" என்றேன், அழுதாள். பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் கேட்டு என் மனசும் நிறைந்துதான் போனது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அஞ்சம்மாள்

சென்னை
29-6-1985

அன்பு அக்காவுக்கு,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே கம்பெனியில் இன்னொரு பேய்ப் படம், ஒத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேஷத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அது ஊர்ப்பக்கம் வந்தால், போஸ்டர் ஒட்டிய தெரு வழியாக அவளை அழைத்துப் போகாதே.

அவள் அம்மா என்று கூப்பிட்டால் என்னம்மா என்று கேள். இனிமேல் தடுக்காதே. பயமில்லாமல் தூங்கட்டும். தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாள், பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு வருகிறேன். யாரென்று கேட்டால், மெட்ராசிலிருந்து உன் சித்தி வந்திருக்கிறாள் என்று சொல்.

பவுனுவின் சித்தி
ராஜாமணி