சுக்குக் களமா, ஸ்டேடியமா

1979 ஜனவரி 9, செவ்வாய்

கடைப் பலகைகளை எடுத்து முடிக்கும் முன்பே ஒச்சப்பன் வந்து நின்றான். எங்கள் பஜார் பிரதர்ஸ் கிளப்பின் செக்ரட்டரி. மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. அடுத்த சீசன் முதல் ஏ டிவிஷன் ஃபுட்பால் ஆட்டம் எல்லாம் காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்துப் புது ஸ்டேடியத்தில்தானாம். வருகிற கிளப்புகள் பிப்ரவரிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வராதவன் சொந்த மைதானத்தில் ஏழேழு பேர் வைத்துச் செவன்ஸ் ஆடிக்கொண்டு கிடக்கலாம். "நமக்கு ஆலோசிக்கணும் அண்ணாச்சி" என்றான். என்ன ஆலோசனை? முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறான், முகத்திலேயே எழுதியிருந்தது. அப்போ நம்ம சுக்குக் களம் என்று கேட்டேன், வாரம் முழுக்கச் சுக்கு காய்கிற அந்த முற்றம்தான் எங்கள் மைதானம். ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். எனக்குப் பொசுக்கென்று வந்துவிட்டது. வாங்குறதா இருந்தா பாரு, இல்லேன்னா வை என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு டம்ளருக்கா இவ்வளவு கோபம் எனக்கு?

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். வீட்டுக்காரி சந்தனமாரி விடியும் முன்பே பானை வைத்துவிட்டாள். தம்பி செல்லதுரை பொங்கல் தின்ற கையைக் கழுவிவிட்டு நேரே பூட்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல நாள், கோயிலுக்கு வா என்றால் காதில் விழவே இல்லை.

சாயங்காலம் ஆட்டம். பண்டகசாலைக்காரர்கள் நேற்றே சுக்கையெல்லாம் வாரிவிட்டார்கள். ஆனாலும் தூசி போகுமா? வெளியூர்ப் பையன் ஒருவன் முட்டி தேய விழுந்தான், காந்தல் தாங்காமல் துள்ளிய துள்ளலைப் பார்க்கணுமே. எங்கள் பையன்களுக்கு அது பழகிப்போன விஷயம். நான் கடையிலிருந்து அடி ஒடுங்கிய அண்டாவைக் கொண்டுபோயிருந்தேன். சுமைக்காரர்கள், தையல்காரர்கள், அரிசி மண்டி ஆட்கள் என்று நம் ஆட்கள் அத்தனை பேரும் மேற்குச் சுவரோரம். துரை இடது காலால் ஒரு கோல் போட்டான். அண்டாவை அடித்த அடியில் என் உள்ளங்கை கன்றிவிட்டது.

மலையாளத்துக்காரர்கள் எல்லாரும் வந்து என் தோளைத் தட்டினார்கள். "அண்ணாச்சியுடெ அனியன்" என்றார்கள், அண்ணாச்சியின் தம்பி என்று. வாரம் முழுக்க நான் பாத்திரக்கடைப் பாண்டி. அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறான் ஒச்சப்பன்.

ஜனவரி 15

கை இன்னும் வலிக்கிறது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் வேலையை நாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கிளப்பில் கூட்டம். கூட்டமா அது, சந்தைக்கடை. ஒச்சப்பன் கட்சி ஒரு பக்கம்: அங்கே புல் தரை, சிமெண்ட் காலரி, பத்திரிகைக்காரன் வருவான், கம்பெனி டீம்காரன் வந்து பையன்களைப் பார்ப்பான், வேலை கொடுப்பான். சுக்குத் தூசிக்குள் எவன் வந்து பார்க்கிறான்?

எங்கள் பக்கம் அபூபக்கர் எழுந்தான். பக்கத்துக் குடைக்கடைக்காரன், பாலக்காட்டு ராவுத்தர், கடை போட்ட நாளிலிருந்து எனக்குக் கூட்டு. சுமைக்காரன் வேலை முடித்துக் குளித்து போட்டைப் பிடித்து அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும் என்றான். வாசலில் டிக்கெட் கேட்பான், அண்டாவை வெளியே வைக்கச் சொல்வான். கிளப் ஆடுகிறவனுக்கு மட்டுமா, பார்க்கிறவனுக்கு இல்லையா என்று கேட்டான். கை தட்டினோம். அடுத்த ஞாயிறு ஓட்டு. கப்பலில் இருக்கிறவன், பம்பாயில் இருக்கிறவன், எல்லாருக்கும் வழக்கம்போல வீட்டு ஆள் வந்து அவன் சொல்லைச் சொன்னால் போதும்.

தம்பி கதவோரம் நின்றான். எந்தப் பக்கத்துக்கும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உன் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை நான்?

ஜனவரி 24, புதன்

துரை திருச்சூருக்குக் கிளம்பினான், ஒரு வாரத்துக்கு மேல் கேம்ப். போகிற நேரத்தில் ஒரு சண்டை. பையைத் தேடும்போது சந்தனமாரியிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டான். வாசப்படிக்குள்ள தமிழ், எத்தனை தடவை சொல்றது என்று கத்திவிட்டேன். இருபத்தொரு வயதுப் பையன். முகம் தொங்கிப்போய்விட்டது. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து இடுப்பில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். இப்போது அவன் எழுதுவது மலையாளம், படிப்பது மலையாளம், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். மிச்சம் இருப்பது இந்த வீட்டுப் பேச்சு ஒன்றுதான். கிளப் எர்ணாகுளம் போனால் அவனும் காயலைத் தாண்டிப் போய்விடுவான். களம் களம் என்று நான் அடித்துக்கொள்வது அதற்குத்தான். அபூபக்கரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஜனவரி 27, சனி

அரிசி மண்டி போனில் திருச்சூருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தேன். கிடைத்தபோது லைனில் ஒரே இரைச்சல். நாளைக்கு ஓட்டு, உன் சொல்லை நான்தான் சொல்லணும், உனக்கு எந்தக் களம், மாறணுமா என்று கத்தினேன். "அதே அண்ணே, அதே" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

அதே! அதே களம்! மண்டிக்காரன் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல் கண்ணைத் துடைத்தேன். எதற்கு இத்தனை நாள் பயந்து செத்தேன்?

ஜனவரி 28, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஒரே ஒரு ஓட்டில். துரையின் சொல்லை நான் எழுந்து சொன்னேன். ஒச்சப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான், "உறப்பாணோ?" என்றான், நிச்சயமா என்று. என் தம்பி வாயால் சொன்னது என்றேன். அபூபக்கர் கூட்டத்துக்கு முழுக்கச் சாயா வாங்கிக் கொடுத்தான்.

பிப்ரவரி 2, வெள்ளி

எப்படி எழுத.

மத்தியானம் துரை வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, எப்போ பேர் கொடுக்கிறோம் ஸ்டேடியத்துக்கு என்று கேட்டான். சிரித்த முகம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ சொன்னபடிதானே சொன்னேன், அதே களம்தானே என்றேன். பை தரையில் விழுந்தது.

"ஞான் அதே என்னல்லே பறஞ்ஞது?"

வீட்டு நடுவில் நின்று மலையாளத்தில் கத்தினான். அதட்ட வாய் வரவில்லை. அவனே தமிழுக்கு இறங்கி வந்தான். "மாறணுமான்னு கேட்டீங்க. அதேன்னேன். ஆமான்னேன், அண்ணே. ஆமான்னு சொன்னேன்."

அட கடவுளே. கடையில் நாள் முழுக்க நானும் அதையேதானே சொல்கிறேன். இது பித்தளையா சேட்டா? அதே. மூடி உண்டா? அதே. எவன் வந்து கேட்டாலும் அதே அதே என்று தலையாட்டுகிற எனக்கு, என் தம்பி சொன்னது மட்டும் தமிழாகக் கேட்டிருக்கிறது. வீட்டுக்குள் மலையாளம் கூடாது என்று அதட்டி அதட்டி, அவன் வாயில் வருவதெல்லாம் தமிழ்தான் என்று நானே நம்பிவிட்டேனா? இல்லை, எனக்கு வேண்டியதை நான் கேட்டுக்கொண்டேனா?

கேம்பில் அவனைக் குறித்து வைத்திருக்கிறார்களாம். அடுத்த சீசன் ஏ டிவிஷனில் ஆடினால் கம்பெனி டீமில் எடுப்பார்களாம். செவன்ஸ் ஆடுகிறவனை எடுக்க மாட்டார்களாம். இதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இல்லை. இடக்கொச்சியில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

அபூபக்கரிடம் சொன்னேன். குடைக்கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டான். "விடுறா சிவம். அவன் சொன்னான், நீ கேட்டே. லைன் கெட்டுப்போனா நாம என்ன பண்ண?" என்றான். வெளியே தெரிந்தால் தமிழன் ஓட்டைத் திருடினான் என்பார்கள், அப்புறம் நம் ஆள் ஒருவனும் கிளப் படி ஏற முடியாது, வாயை மூடிக்கொண்டு கிட என்றான். அவன் சொல்வதும் சரிதான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெரிய பாரம் இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்தேன், வந்து ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

துரை வரவில்லை. சந்தனமாரி அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள்.

பிப்ரவரி 7, புதன்

இன்று சந்தனமாரியிடம் உடைத்துச் சொன்னேன். கிளப் அந்தப் பக்கம் போனால் பையன் நம்மை விட்டுப் போய்விடுவான், அதுதான் பயம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவன் போறதுன்னா கிரவுண்டு வழியாத்தான் போவானா? இந்தா, வாசல் வழியாவே போயிட்டானே. உங்களால பிடிக்க முடிஞ்சுதா?"

சுரீர் என்றது.

பிப்ரவரி 8, வியாழன்

ஒச்சப்பன் வீட்டுக்குப் போனேன். திரும்பவும் கூட்டம் போடு என்றேன். எதற்கு என்றான். அங்கே சொல்கிறேன் என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். அபூபக்கரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவன் கடைவரை போனேன். அவனிடம் வாடிக்கைக்காரன் ஒருவன் நின்றான். திரும்பி வந்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி.

பிப்ரவரி 11, ஞாயிறு

எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நிறைந்திருந்தது. இடக்கொச்சியிலிருந்து துரையும் வந்திருந்தான், பின்வரிசையில். நான் எழுந்து, என் மலையாளத்தில், போனில் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு. அண்ணாச்சிக்கு இத்தனை வருடமாகியும் அதே தெரியவில்லையாம். சிரிப்பு போகட்டும், முன்வரிசையில் ஒருத்தன், சிரிக்காமல், அண்ணாச்சி வேண்டுமென்றே கள்ளம் பறைந்தார், இப்போது மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறார் என்றான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அபூபக்கர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனான்.

இனி யாரும் யார் சொல்லையும் கொண்டுவர வேண்டாம், ஆள் இங்கேதானே இருக்கிறான், நேரே கேட்போம் என்றான் ஒச்சப்பன். துரை எழுந்தான். அந்தக் கூட்டத்தில் அவன் தமிழ் பேசி நான் பார்த்ததே இல்லை. இன்று என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும், தமிழில் சொன்னான்.

"எங்கண்ணன் கள்ளம் சொல்ற ஆளு இல்ல. எங்க வீட்ல நாங்க தமிழ்தான் பேசுவோம். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு அங்க போய் ஆடணும் அண்ணே."

மினிட்ஸ் எழுதுகிறவன் பேனாவை நிறுத்திவிட்டான். எந்தா பறஞ்ஞது, மலையாளத்தில் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்று ஒச்சப்பன் என் பக்கம் திரும்பினான். என்னிடம் கேட்கிறான்! முதலில் சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் சொன்னேன்.

"அவனு அவிடெ களிக்கணம்."

எழுதிக்கொண்டார்கள். ஒரு ஓட்டில் கிளப் ஸ்டேடியத்துக்குப் போகிறது.

துரை என்னோடுதான் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். சந்தனமாரி மறுசோறு போட்டாள், வேண்டாம் என்று சொல்லாமல் அதையும் தின்றான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அபூபக்கர் பேசவில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கிறது. முதலில் அவனிடம் சொல்லாதது என் தப்பு. ஆனால் அவன் சொன்னபடி கேட்காதது தப்பா?

பிப்ரவரி 26, திங்கள்

பெயர் கொடுத்துவிட்டார்கள். பொதுப்பம்பில் சுமைக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

நவம்பர் 11, ஞாயிறு

ஸ்டேடியத்தில் எங்கள் முதல் ஆட்டம். மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு போட்டைப் பிடித்தேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. நம் ஆட்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர், காலரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்டிருக்காது. தரை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, பையன்கள் விழுந்தால் உதறிவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். இரண்டு கோல் வாங்கினோம். கடைசி நேரத்தில் துரை ஒன்று போட்டான். பக்கத்தில் இருந்தவன் யார் இந்தப் பையன், நல்ல கால் என்றான். என் தம்பி என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போல் இருந்தது.

ஆட்டம் முடிந்து கம்பி வேலி ஓரம் வந்தான். கம்பெனிக்காரர்கள் பேசினார்களாம், நாளையிலிருந்தே அவர்களோடு பயிற்சியாம், ஹாஸ்டலில் இடம் கொடுத்திருக்கிறார்களாம். "இன்னிக்கே இங்க தங்கிக்கிறேன் அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிருங்க" என்றான். சரி என்றேன். எப்போ வருவாய் என்று கேட்கவில்லை. போட்டில் தனியாக வந்தேன், பக்கத்து இடம் முழுக்கக் காலியாக இருந்தது.

பஜாரில் அபூபக்கர் கடை திறந்திருந்தது. ஒன்பது மாதமாகப் பேசாதவன், கையிலிருந்த குடையிலிருந்து தலையைத் தூக்காமல், "எவ்வளவு?" என்றான்.

ரெண்டு ஒண்ணு, தோத்துட்டோம் என்றேன்.

"அந்த ஒண்ணு?"

துரை என்றேன். குடையைக் கீழே வைத்தான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, பையன் எங்கே என்றான். அங்கேயே தங்கிட்டான் என்றேன். அவன் கடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அபூபக்கர் எதிர்க்கடையைப் பார்த்து ரெண்டு சாயா என்றான்.