யாரும் கேட்காத நோன்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டேதான் பேனாவைத் திறந்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ அங்கிருந்து கத்துவாய், உன் அப்பா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் தையல் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, வெட்டுகிற மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன், உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்பா எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். பதறாமல் படி.

ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் நம் வீட்டில் நடக்கிற தவக்காலச் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான். கறி, மீன், முட்டை பொதுவாக யாருக்கும் கிடையாது, ஞாயிறு மட்டும் விலக்கு. அதற்கு மேல் அவரவர் எதையாவது விட வேண்டும், எதை விட்டோம் என்று வாய் திறக்கக் கூடாது, அடுத்தவர் கேட்கவும் கூடாது, ஈஸ்டர் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில்தான் சொல்ல வேண்டும். இந்த வருஷம் உன் அப்பா சோற்றை விட்டார், பிறகு ரொட்டியையும் விட்டார், பாலும் பருப்புத் தண்ணியும்தான் சாப்பாடு. அடேயப்பா, மனுஷனுக்கு எவ்வளவு பக்தி என்று நான் மலைத்துப்போனேன். உன் தம்பி வேறு, இதற்கு இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று பேர், அப்பா ஹீரோ மாதிரி ஆயிட்டார் என்று தோளில் தட்டினான். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் குனிந்து நிமிர்கிறபோது பேன்ட் நழுவுகிறது என்று கொண்டுவந்து கொடுத்தார், இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் நழுவியது, மறுபடியும் பிடித்தேன். அளவு நாடா நாள் முழுக்க என் கழுத்தில்தான் தொங்குகிறது, கட்டின புருஷன் உருகிக்கொண்டிருப்பது என் கைக்குத் தெரிந்தது, இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை பார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பங்குத்தந்தையிடமும் பெருமையடித்தேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். கோழி வறுத்திருந்தேன். "ஞாயித்துக்கிழமை நோன்பு கிடையாதுப்பா, எனக்குத் துணையா ஒரு துண்டு எடுங்க" என்று அவரே உன் அப்பா தட்டில் வைத்தார். சாமியார் சொல்லைத் தட்ட முடியுமா, வாயில் போட்டார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். திடீரென்று முகம் சிவந்து, கண் இரண்டும் பிதுங்கி, நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கைகழுவும் தொட்டிக்கு ஓடினார். எலும்பு மாட்டிக்கொண்டது என்றுதான் நான் முதுகைத் தடவினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எலும்பு இல்லடி, எதுவுமே உள்ள போக மாட்டேங்குது, கிறிஸ்துமஸுக்கு முந்தியே இப்படித்தான்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள். "தொண்டைப் புண்ணு, தானா சரியாயிடும்னு நெனச்சேன். நீ ஏன் சாப்பிடல ஏன் சாப்பிடலன்னு தெனம் உசுரை எடுத்தே. சாம்பல் புதன் வந்து நோன்பு தொடங்கிட்டா யாரும் கேக்க மாட்டீங்கன்னு அதுக்காகவே காத்துக்கிட்டிருந்தேன்." ஐயோ ஆண்டவரே! ஃபாதர் தண்ணீர் டம்ளரை என் கையில் திணித்து, காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சாம்பல் புதன் அன்றைக்குக் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்த மனுஷன் ஏன் அவ்வளவு சிரித்த முகமாக இருந்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஆஸ்பத்திரியில் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக் குழாயில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்றே வந்துவிட்டது. அந்த வார்த்தையை எழுத எனக்கு இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை, ஆபரேஷன் செய்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால், "இந்த உடம்பை இப்படியே மேசையில படுக்கவெக்க என்னால முடியாது, எடை ஏறணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பால், முட்டை, எலும்பு சூப், எல்லாவற்றையும் நீர்க்க அடித்து மடக்கு மடக்காக இறக்க வேண்டும். சரி, இனி என் பாடு என்று வீட்டுக்குக் கூட்டிவந்தால், உன் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "ஊரு பூரா நோன்புன்னு பொய் சொல்லிட்டேன், மிச்ச நாளையாவது நெசமா இருந்து கழிச்சுடறேன், முட்டையும் சூப்பும் ஈஸ்டருக்கு அப்புறம்" என்கிறார். கட்டியைக் கேட்டு ஆடிப்போனவள், இதைக் கேட்டு அடியோடு ஆடிப்போனேன். நோயாளிக்கு நோன்பு இல்லை என்று ஃபாதரே வந்து சொன்னார். "உங்களுக்கு என் மேல இரக்கம் ஃபாதர், அதான் சொல்றீங்க" என்று அவரையும் அனுப்பிவிட்டார். இப்படி ஒரு பிடிவாதத்தை எங்கே போய்ச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. எலும்பை வேகவைத்து சூப் வடித்து, இரண்டு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் கறி வாசனை என் மூக்கில் பட்டதில்லை, உனக்கே தெரியும். ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று பாதி குடித்தேன். அவர் அலறிவிட்டார். "ஏய், என்னடி பண்றே, வெள்ளிக்கிழமைடி, உனக்கென்ன பைத்தியமா" என்றார். "நீங்க குடிக்கற வரைக்கும் தெனமும் குடிப்பேன், பாவம்னா ஆளுக்குப் பாதி" என்றேன். டம்ளரை நான் கீழே வைக்கவில்லை. பிறகு அவரும் தன் டம்ளரை எடுத்து, கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு மடக்கு இறக்கினார். இருமினார், இன்னொரு மடக்கு இறக்கினார். அன்றிலிருந்து குடிக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார். திட்டட்டும். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆபரேஷன். நீ வந்துவிடு, லீவு கேட்டு டிக்கெட் போடு. வர வேண்டாம் என்பார், அவர் பேச்சை நம்பாதே. இன்றைக்கே அவருக்குப் போன் போடு, எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று முடித்துவிடுவார், எத்தனை மடக்கு இறங்கியது என்று கேள்.

இன்னொன்று. போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்ததும் நீ சட்டென்று சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "தவக்காலம்மா" என்று சிரித்தாய். நானும் சட்டப்படி வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் அந்தச் சட்டம் நம் வீட்டில் கிடையாது. எதை விட்டிருக்கிறாய், ஏன் விட்டாய்? பசி இல்லையா, தூக்கம் இல்லையா, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லையா, யாராவது மனசை நோகடித்தார்களா? நோன்புதான் என்றால் சந்தோஷம், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் ஈஸ்டர் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே, எந்த நேரமானாலும் கூப்பிடு.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். பதிலில் முதல் வரியாக, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் பதிலை நம்பாமல் மறுபடியும் கேட்கப்போகிற,
உன் அம்மா