ஊசி போடாத ஐந்து மாடுகள்

அண்ணி,

இன்று காலை உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் தரிசில் ஒரு சாணியைக் கையால் தூக்கினேன். தட்டைத் தூக்குவது போல முழுசாக வந்தது. வைகாசியில் பெய்த மழைக்கு மறுநாள் விழுந்த சாணி அது. பக்கத்தில் நானே குச்சி அடித்து அடையாளம் வைத்திருந்தேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. அடியில் புல் வெளுத்துச் செத்துக் கிடந்தது. மண்ணில் ஒரு துளைகூட இல்லை. பழைய தரிசாக இருந்தால் வண்டுகள் இரண்டு மூன்று நாளில் அதை உருட்டியும் புதைத்தும் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கும். முகர்ந்து பார்த்தேன். சாணி வாசனைகூடப் போய், நனைந்து காய்ந்த அட்டையின் வாசனை வந்தது.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இதுவரை உங்களை நினைத்து ஒரு வரி எழுதவில்லை. துக்கம் அடைத்துக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. உண்மையில் கோபம். இன்று அந்தச் சாணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இனி சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வெள்ளாற்றங்கரை ஊருக்கு நீங்கள் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்த உறவுக்காரர்களை நாம் ஏமாற்றினோம். அண்ணனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வேன். நீங்களும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்து அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த காலம். ஆராய்ச்சிக்குச் சாணி வண்டை எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள்தான் சிரித்தீர்கள்.

"ஊர்ல அவனவன் சாணிய உட்டுட்டு ஓடத்தான் படிக்கிறான். நீ இன்னாடான்னா படிச்சிட்டு அதுக்கே வர்ற" என்றீர்கள். உடனே, "சாணிக்கு எங்க போய் அலையப் போற? நம்ம மாடு பத்து இருக்குது, எடுத்துக்க" என்றும் சொன்னீர்கள்.

என் கேள்வி சின்னதுதான். குடற்புழுவுக்கு மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் ஒரு பங்கு சாணியோடு வெளியே வருகிறது. அந்தச் சாணியில் வண்டு முட்டையிட்டால் அதன் புழு பிழைத்து வண்டாகுமா, ஆகாதா? பத்து மாட்டில் ஐந்துக்கு ஊசி. அவற்றின் கொம்பில் சிவப்பு ரிப்பன். மற்ற ஐந்துக்கு ஊசி கிடையாது, மஞ்சள் ரிப்பன். இரண்டு வகைச் சாணியையும் தரிசில் தனித்தனியாக வைப்பது, வண்டு வந்து போன பிறகு மேலே வலைக்கூண்டு கவிழ்ப்பது, மண்ணிலிருந்து எத்தனை புது வண்டு ஏறி வருகிறது என்று எண்ணுவது. பத்து வாரத்து வேலை.

ரிப்பன் கட்டிய அன்று நீங்கள் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரே கொட்டாயில அஞ்சுக்கு மருந்து, அஞ்சுக்கு இல்லன்னா அது ஓரவஞ்சன இல்லியா கலை? பந்தியில ஒரு எலைக்கு அப்பளம் வெச்சிட்டு பக்கத்து எலையத் தாண்டிப் போற மாதிரி இருக்குது."

"பத்து வாரம்தானே அண்ணி. அப்புறம் எல்லாத்துக்கும் போட்டுடலாம்" என்றேன்.

"சரிடி. மஞ்ச கட்னதெல்லாம் மாத்தாந்தாய் புள்ளைங்க" என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை தவிடு கூடுதலாகப் போட்டீர்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன்.

சாணி எடுக்கத் தொடங்குவதற்கு முந்தின வாரம், மஞ்சள் ரிப்பன் கிடாரி ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தொங்கியது. புழு முற்றினால் அப்படித்தான் வரும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இது ஒன்றுக்கு மட்டும் போட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்றேன். ஒன்று குறைந்தாலும் கணக்கு நிற்காது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். நீங்கள் மறுபடி கேட்கவில்லை. அதன் தாடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

பிறகு வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வருவேன். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"மஞ்சளுக்கு ஏதும் போடலையே அண்ணி?"

"இல்ல கலை. உன் மாட்ட நான் தொடுவனா?"

டீயை ஆற்றிக்கொண்டே சொல்வீர்கள். கண்ணைப் பார்த்துச் சொல்வீர்கள். ஒன்பது பத்து முறை கேட்டிருப்பேன். ஒரு முறைகூட உங்கள் குரல் இடறவில்லை. கிடாரியின் வீக்கம் வடிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தே இல்லாமல் குணமாகிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதிக்க" என்றீர்கள். அந்த இரண்டு சொல்லை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

வண்டுகள் இரண்டு வகைச் சாணிக்கும் வந்தன, ஒரே மாதிரி புதைத்தன. புது வண்டு மட்டும் எதிலிருந்தும் வரவில்லை. சிவப்பிலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை. தோண்டிப் பார்த்தால் செத்த வண்டுப் புழுக்கள். மழை போதவில்லையோ, மண்தான் கெட்டுவிட்டதோ என்று கூண்டுக்குக் கூண்டு அலைந்தேன். மருந்தைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். உங்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஊசி போட்டதும் போடாததும் ஒன்றாக இருக்கிறது, ஆகவே மருந்தின் மேல் குற்றமில்லை என்று எழுதி முடித்தேன்.

எழுதியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் ஊர் பால் சங்கத்தில் கூட்டம் போட்டு, நானே எழுந்து நின்று சொன்னேன். அதற்கு முன்னால் ஊசிக்குத் தயங்கிய வீடுகள் சில இருந்தன. ஊசி போட்ட மாட்டின் சாணியில் வண்டு தங்குவதில்லை என்று பெரியவர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் வீண் பயம், நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், தாராளமாகப் போடலாம் என்றேன். நீங்கள் முன் வரிசையில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பெருமை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வீட்டிலும் எல்லா மாட்டுக்கும், மாதம் தவறாமல் ஊசி என்று ஆனது. நான் கடலூரில் கல்லூரி வேலைக்குப் போய்விட்டேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் தரிசில் சாணி கூடிக்கொண்டே போவதைப் பார்த்தேன். அதைச் சுற்றி மாடு வாய் வைக்காமல் விட்ட இடங்களையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நான்தான் எண்ணிப் பார்த்தவளாயிற்றே.

உங்கள் காரியத்தன்று ஊசி போடுகிற குமரவேல் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க அண்ணி மாதிரி மனசு யாருக்கும்மா வரும்? நீங்க ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கி வெச்சீங்களே, மஞ்ச ரிப்பனு, அதுங்களையும் உடல அவுங்க. கிடாரிக்குத் தாடை வீங்கின வாரமே என்னைக் கூப்ட்டு அஞ்சுக்கும் போடச் சொன்னாங்க. ஒண்ணுக்குப் போட்டு நாலுக்குப் போடலன்னா பாவம்னாங்க. அப்பறம் சேப்புக்குப் போடறப்பல்லாம் மஞ்சளுக்கும் போட்டேன்."

உங்களைப் புகழ்ந்துதான் சொன்னார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அண்ணி மேல் இவ்வளவு பாசமா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மாடுகளுக்குள் ஓரவஞ்சனை கூடாது என்று பார்த்தீர்கள். அதற்காக என்னிடம் வஞ்சனை செய்தீர்கள். ஊசி போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை அண்ணி. அந்தக் கிடாரியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், பிறகு வேறு ஊரில் வேறு ஐந்து மாட்டைத் தேடியிருப்பேன். அவ்வளவுதானே. பத்து வாரமும் டீயை ஆற்றிக் கொடுத்து இல்லை, இல்லை என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை சங்கத்துக்குப் போனேன். மருந்தால் குற்றமில்லை என்று அன்று நான் எழுதிக் கொடுத்த துண்டறிக்கை சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். பால் ஊற்ற வந்தவர்களிடம் அன்று நான் சொன்னது தப்பு என்றேன். இரண்டு பக்கச் சாணியிலும் மருந்து இருந்தது, அதனால்தான் இரண்டிலும் புழு செத்தது, அண்ணி எனக்குத் தெரியாமல் ஊசி போட்டுவிட்டார் என்றேன். உங்கள் பெயரை அந்த இடத்தில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? ஊர் உங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. அதை நான் போட்டு உடைக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ராஜகுமாரி அக்கா பால் கேனைக் கீழே வைத்தார்.

"அது தெரியுமே கலை" என்றார்.

"தெரியுமா?"

"நீ பஸ் ஏறின கையோட போட்டாங்க. நாங்கதான மாட்டப் புடிச்சிக்கினோம்."

"ஒருத்தராவது எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா உன் படிப்பு கெட்டுப்பூடும், நீ அழுவேன்னு சொன்னாங்க. உங்கிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு எங்க கையில அடிச்சி சத்தியம் வாங்கினாங்க. நீ கூட்டத்துல பேசினப்ப எங்களுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமா ஒரு பக்கம். எதுக்கோ எழுதறா, எழுதட்டும்னு இருந்தோம்."

"அப்புறம் ஏன் நான் சொன்னதை நம்பி எல்லாரும் ஊசி போட்டீங்க?"

"நீ படிச்சவ. போடலாம்னு சொன்ன. போட்டோம்" என்றார். அதில் என்ன புரியவில்லை என்பது போல என்னைப் பார்த்தார்.

ஆக, நான் பேசிய அன்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்தி. நீங்கள் வாயைப் பொத்தியது எதற்கு என்று இப்போது புரிகிறது. என் படிப்பைக் காப்பாற்றினீர்களாம். தாடை வீங்கிய கிடாரியைப் பார்த்தது போலத்தான் என்னையும் பார்த்தீர்களா அண்ணி? பாவம், பொறுக்க மாட்டாள், தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று? என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லத் தெரிந்தவள் நான். உண்மையைத்தான் கேட்டேன். வாரா வாரம் கேட்டேன்.

இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறேன். புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும் ஊசி, போட்டால் சில வாரம் கொட்டகையிலேயே கட்டித் தீனி போடுங்கள், அந்தச் சாணி தரிசில் விழ வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் இன்னுமா உனக்கு இது என்கிறார்கள். எங்காவது ஒரு தரிசில் வண்டு மிச்சமிருந்தால் திரும்பி வரும் என்று நம்புகிறேன். அந்த வேலை செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறது.

வேறொன்றுதான் கூடவே வருகிறது, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நேற்று அண்ணனிடம் இந்த மாட்டுக்கு ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அது உங்களுக்கே தெரியும். "இல்லம்மா" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே என் கை மாட்டின் கழுத்தில், தோள்பட்டைக்கு முன்னால், தோலைத் தூக்கித் தூக்கி ஊசி குத்திய வீக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். சொறிந்து விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மாடு கழுத்தை இன்னும் நீட்டிக் கொடுத்தது.