பனிக்கீரியின் கோடைச் சட்டை

வானவடி, புனே
3.11.2024

அச்சுதா,

உன் மகள் கீர்த்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. குழந்தைக்கு என் ஆசி. நான் வரமாட்டேன். போனில் கூப்பிடாதே, உன் எண்ணை அடைத்துவிட்டேன்.

லடாக்கில் நம் பட்டாளத்துச் சமையல் கொட்டகையை நீ மறந்திருப்பாய். எனக்கு முப்பத்தைந்து வருஷமாகியும் மறக்கவில்லை. ஆட்டா மூட்டைக்குப் பின்னால் எலி பிடிக்க வருவாளே, நாம் பனிக்கீரி என்று பெயர் வைத்த, கீரி மாதிரியான அந்த மலை வீசல்! மஞ்சள் முதுகு, பால் நிற வயிறு. விரலிடுக்குச் சந்திலும் தண்ணீர் போல நுழைவாள். தன் எடைக்கு எடை இருக்கும் பாறைமுயலைக் கவ்வி இழுத்துப் போவாள். பின்கால்களில் நிமிர்ந்து நம் இருவரை மட்டும் பார்ப்பாள்.

பனி இளகியதும் சுபேதார் எலிமருந்து வைக்கச் சொன்னார். நீ "சரி சாப்" என்றாய். மஞ்சள்காரி அதன்பின் வரவில்லை. சாம்பல் நிறத்தில் வேறொன்று வந்தது. அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பரமசிவம்

சிஞ்ச்வட்
9.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

மருந்தை நான் வைக்கவே இல்லை. வைத்ததாகச் சொல்லிப் பொட்டலத்தை ஸ்டோரிலேயே விட்டேன். எலி குறையவில்லை என்று சுபேதார் என்னை முதுகில் மூட்டையோடு ஓடவிட்டார். அப்போதே சொல்ல வந்தேன். "எங்கிட்ட பேசாதடா, கொலகாரப் பயலே" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

சாம்பல் நிறத்தில் வந்தது அவளேதான் அண்ணா. இடது காதில் அதே கிழிசல். குளிர் போனால் முடி உதிர்ந்து நிறம் மாறுகிற சாதி அது.

கீர்த்திக்குப் பெரியப்பா நீங்கள்தான். தாரை வார்க்கும்போது என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அன்புத் தம்பி
அச்சுதன்

வானவடி
20.11.2024

அச்சுதா,

நீ சொல்லி நான் நம்புவேனா? நூலகத்தில் விலங்குப் புத்தகம் ஒன்றைப் பிடித்து, அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். குளிரில் மஞ்சள், கோடையில் சாம்பல் என்றுதான் போட்டிருக்கிறது. எழுதியவன் அந்தக் குளிரில் பாத்திரம் கழுவியிருக்க மாட்டான். காது கிழிந்த வீசல் அந்த மலையில் ஒன்றுதானா என்று கேட்கலாம். கேட்கவில்லை.

உன் அண்ணி பட்டுப்புடவையை எடுத்து நிழலில் உலர்த்தியிருக்கிறாள். முதல் நாளே வருகிறோம். வண்டி அனுப்பாதே, லோக்கல் ரயிலில் வந்துகொள்வோம்.

பந்தியில் என்னைச் சம்பந்தி வீட்டாரோடு உட்கார வைக்காதே. எல்லோரும் எழுந்த பிறகு உன் பக்கத்தில் இலை போடு. அந்தக் கோடை முழுக்க அவள் வந்தாளா? குட்டிகளைக் கூட்டி வந்தாளா? நிமிர்ந்து நின்று யாரைத் தேடினாள்? எனக்கு ஒன்றும் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்
பரமசிவம்