இல்லாத டேப்பு

செப்டம்பர் 25, வியாழன்

மேகம் வந்தது, நரிக்குடிப் பக்கம் போய்விட்டது. சோளம் விதைத்தபாடில்லை. உப்பு, புளி வாங்கணும்.

உடம்பெல்லாம் எரிகிறது. பேத்தி ஜெயா வீட்டிலிருந்தே ஒரு பேங்கின் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் ஊர் பரளச்சியில் வேறு எவள் பார்க்கிறாள்? போனில் மேனேஜர் கத்தியது அடுப்படிவரை கேட்டது.

"தேதி முடிஞ்ச டேப்பெல்லாம் அழிச்சிரு."

"சார், இந்த டேப்பு வரிசைக்கு முடியுற தேதி தப்பா விழுந்திருக்கு. மாசக் கடைசியில பென்ஷன் வேலைக்கு மெஷின் இதத்தான் கேக்கும்."

"இல்லாத டேப்புக்கு என்னம்மா இவ்வளவு பயம்? திங்கக்கிழமைக்குள்ள முடி. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்."

நான் படித்தது அஞ்சாவதுதான். எங்கள் வாத்தியார்கூட இப்படிப் பேசினதில்லை.

26, வெள்ளி

வெயில். இல்லாத டேப்பு என்றால் என்ன என்று கேட்டேன்.

"அந்த மெஷின்ல ஓடுறது பழைய புரோகிராம் அப்பத்தா. நம்பரச் சொல்லி, டேப்ப மாட்டுன்னுதான் அதுக்குக் கேக்கத் தெரியும். இப்ப டேப்பே கெடையாது. நடுவுல ஒரு பெட்டி இருக்கு. மாட்டியாச்சுன்னு சொல்லும். சுத்துன்னா சுத்தியாச்சுங்கும். உள்ள எல்லாம் டிஸ்க்குல இருக்கு. மெஷின் நம்பிரும்."

"அப்ப பொய் சொல்லிப் பெழைக்கியா?"

"எழுதுனது ஒரு எழுத்து மாறாம திரும்பி வருது. இதுல எது பொய்?"

அவளும் கத்தினாள். சாப்பிடவில்லை. நானும்தான்.

27, சனி

பாத்திரம் விளக்கும்போது ஞாபகம். மாமியாருக்குக் கண் போன பிறகு தன் செம்பில் கொடுத்தால்தான் தண்ணீர் இறங்கும். அது கிணற்றில் விழுந்துவிட்டது. வேறு வாங்கி, பழையது நெளிந்திருந்த அதே இடத்தில் உலக்கையால் நெளித்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "எஞ் செம்புத் தண்ணி மாதிரி வருமா" என்பாக. செம்பு மாறினது கடைசிவரை அவுகளுக்குத் தெரியாது. தண்ணீர் நல்ல தண்ணீர்தானே?

ஜெயாவிடம் சொன்னேன். "நீயும் நம்ம ஆளுதான் அப்பத்தா" என்று சிரித்தாள். அப்புறம் அழுகை. வேலை போய்விடுமாம். அழித்துவிடட்டுமா என்கிறாள். வந்ததே எனக்கு!

"செம்பு வேறன்னு தண்ணியக் கீழ கொட்டச் சொல்றியா? பென்ஷன நம்பி எத்தன கெழடு கட்டைக இருக்கு? அழிச்சேன்னா எங்கூடப் பேசாத."

29, திங்கள்

அழிக்கவில்லை. "அழிக்கணும்னா உங்க பேர் போட்டு எழுத்துல அனுப்புங்க சார்" என்று எழுதிவிட்டாள். பதில் இல்லை. ஆடு ஒன்றுக்குக் கால் வீக்கம்.

30, செவ்வாய்

தூறல். மண் நனையவில்லை.

மதியம் மெஷின் அந்த டேப்பு நம்பரையே கேட்டதாம். மாட்டியாச்சு என்றதாம் பெட்டி. பென்ஷன் வேலை ஓடி முடிந்தது. உடனே மேனேஜர் போன்.

"நான் அப்பவே யோசிச்சேன் ஜெயா, இது வேணும்னு."

இவன் யோசித்தானாம்! இவளோ, "சரி சார்" என்கிறாள். பிடுங்கினேன் போனை.

"தம்பி, ஜெயாவோட அப்பத்தா பேசுறேன். அந்த டேப்பு இருக்கா, இல்லையா?"

"அது வந்துங்க..."

"கேக்குறேன்ல?"

"இருக்குங்க பாட்டி."

உப்பு வாங்கியாச்சு. புளி மறந்துபோச்சு.